பாலும் வேண்டாம், தடியும் வேண்டாம்

ஐப்பசி அடைமழை இரண்டு நாள் விடாமல் பெய்து, மூன்றாம் நாள் மாலையில்தான் சற்றே ஓய்ந்திருந்தது. காவிரிப் படுகையில் ஒரு சிற்றூர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் அவருடைய மனைவியும் மட்டுமே வசிக்கும் பழைய ஓட்டு வீடு. விளக்கேற்றப் பூஜையறைக்குள் நுழைந்த அந்த அம்மாள், எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்க நீட்டிய கையை அப்படியே நிறுத்திக்கொண்டார். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பெரிய முருகன் படத்துக்குப் பின்னால் ஏதோ நெளிந்தது. அடுத்த நொடியில் சீறல் கேட்டது.

அவர் கூச்சலிடவில்லை. பின்பக்கமாகவே நான்கடி நகர்ந்து கணவரை அழைத்தார். ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தபோது, படத்துக்குப் பின்னாலிருந்து எழுந்த நல்ல பாம்பு தன் படத்தை விரித்து நின்றது. அவர் கண்கள் கலங்கிவிட்டன. இரு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற வேளை. நாகராஜாவே வந்திருக்கிறார். ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுவா" என்றார். அம்மாள் சமையலறைக்குப் போய்ப் பாலை ஊற்றியும் விட்டார். அதற்குள் அடுத்த வீட்டு இளைஞன் மூங்கில் கம்புடன் பின்கட்டு வழியாக ஓடிவந்துவிட்டான். "நீங்க தள்ளுங்க சார். ஒரே போடு, முடிஞ்சிடும்" என்றான். ஆசிரியர் அவன் கையைப் பிடித்துத் தடுத்தார். "பாவம் சுமக்காதே" என்று இவர் சொல்ல, "கடிச்சா யார் சார் பொறுப்பு?" என்று அவன் கேட்க, பாம்பிலிருந்து ஐந்தடி தூரத்தில் இருவரும் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பால் கிண்ணத்தைச் சமையல் மேடையிலேயே வைத்துவிட்டு வந்த அம்மாள், நிலைப்படியில் நின்று சொன்னார்: "பாலும் வேண்டாம், தடியும் வேண்டாம். முதலில் இரண்டு பேரும் வெளியே வாருங்கள்."

கணவர் பேச்சுக்கு அவர் மறுபேச்சுப் பேசுவது வழக்கமில்லை. ஆனால் 1967-இல் நடந்த ஒன்றை அவர் மறந்ததில்லை. அப்போது அவருக்குப் பதினோரு வயது. திண்ணையில் பாய் விரித்துப் படுத்திருந்த அண்ணன், விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுந்து வந்தான். கடித்த தடம் எதுவும் தெரியவில்லை, வீக்கமும் இல்லை. இரவு உண்ட பதார்த்தம் சேரவில்லை என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் அவனுடைய இமைகள் தாமாக மூடிக்கொண்டன, பேச்சு குழறியது. மந்திரிப்பவரை அழைத்து வர ஆள் போனது. அவர் வந்து வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தபோதே மூச்சு நின்றது. பாயைச் சுருட்டியபோது அடியில் கட்டுவிரியன் கிடந்தது. எட்டு மைல் தொலைவில் மருத்துவமனை இருந்தது. வீட்டில் வண்டி மாடும் இருந்தது. அன்று முதல் அந்த அம்மாளுக்குப் பாம்பிடம் கோபம் வந்ததில்லை. வீணான நேரத்தின்மீதுதான் கோபம்.

ஆகவே அவர் செய்த காரியங்கள் வரிசையாகவும் சரியாகவும் இருந்தன. தீயணைப்பு நிலையத்தை 101 என்ற எண்ணில் அழைத்து, வீட்டு அடையாளத்தையும் பாம்பு எந்த அறையில் இருக்கிறது என்பதையும் சொன்னார். கூடத்திலிருந்து மற்ற அறைகளுக்குப் போகும் கதவுகளைச் சாத்தி, அடியிலுள்ள இடைவெளிகளில் ஈரத் துண்டுகளைத் திணித்தார். அந்த இளைஞனைக் கம்பைப் போட்டுவிட்டுப் பத்தடி தள்ளி நாற்காலியில் உட்காரச் சொன்னார். "அடிக்க வேண்டாம், பார்த்துக்கொண்டு மட்டும் இரு. கண்ணை எடுக்காதே" என்றார். பாம்பு பிடிப்போரிடம் கேட்டால், வீட்டார் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்பார்கள். பாம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த வீட்டில் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். 'இங்கேதான் எங்கேயோ இருந்தது' என்று சொல்லும் வீட்டில் அலமாரி, பெட்டி, மூட்டை எல்லாவற்றையும் புரட்டியாக வேண்டும். அன்றிரவு யாருக்கும் உறக்கம் வராது.

அரை மணி நேரத்தில் வண்டி வந்தது. வீரர்களில் ஒருவர் நடுத்தர வயதினர், இந்த வேலையில் பழகியவர். அவர் கையில் இருந்தவை மூன்றே பொருள்கள்: நுனி வளைந்த நீண்ட இரும்புக் கோல், ஒரு கருப்புத் துணிப்பை, அந்தப் பையின் வாயில் இறுகக் கட்டப்பட்ட ஒரு முழ நீளப் பிளாஸ்டிக் குழாய். எல்லாரையும் கூடத்துக்கு அனுப்பினார். குழாயின் திறந்த வாயைச் சுவர் மூலையில், பாம்பு ஒதுங்கியிருந்த இடத்துக்கு நேராக வைத்தார். முருகன் படத்தைக் கோலால் மெல்ல விலக்கினார். மறைவு போனதும் பாம்பு இங்குமங்கும் தலையை ஆட்டிப் பார்த்தது. பிறகு கண்ணெதிரே தெரிந்த இருட்டுப் பொந்துக்குள், அதாவது குழாய்க்குள், தானாகவே நுழைந்து போயிற்று. பையை முறுக்கிக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் வைத்தார். அவ்வளவுதான். பாம்பின் தலையை அவர் ஒருமுறைகூடத் தொடவில்லை. வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, கைப்பேசிக்கு முகம் கொடுத்து நிற்பவர்களைச் சிலர் வீரர்கள் என்று புகழ்கிறார்கள். அது வித்தையாக இருக்கலாம். பாம்பை அகற்றும் முறை ஆகாது.

"ஐயா, சுவாமி வந்த காரணத்தைச் சொல்லட்டுமா?" என்று அவர் ஆசிரியரிடம் சிரித்தபடி கேட்டார். படங்களுக்குப் பின்னால் கைவிளக்கைக் காட்டினார். எலிப் புழுக்கைகள் கிடந்தன. முதல் நாள் உடைத்த தேங்காய் மூடிகளில் ஒன்று கொறிக்கப்பட்டிருந்தது. நைவேத்தியப் பழமும் பொரியும் இரவெல்லாம் அங்கேயே இருந்ததால் எலி வந்தது. வயல் வளைகளில் மழைநீர் புகுந்ததால், உலர்ந்த இடம் தேடிப் புறப்பட்ட பாம்பு எலியின் வாசனை பிடித்து வந்தது. சாக்கடைக் குழாய் வழியாக வந்திருக்கும்; அதன் வாயில் வலை இல்லை. ஆசிரியர் பதில் சொல்லவில்லை. பூஜையறையைத் துடைப்பது அவருடைய பொறுப்பு.

பாம்பு வீட்டுக்குள் வருவதற்கு இவற்றைத் தவிர வேறு காரணம் அநேகமாக இருப்பதில்லை. இரை, ஈரமில்லாத ஒதுக்கிடம், வெயில் காலமானால் குளிர்ச்சி. பழிவாங்க வருகிறது, ஜோடியைத் தேடி வருகிறது என்பன கதைகள். தன் துணையைக் கொன்றவரை நினைவில் வைத்திருக்கும் ஆற்றல் பாம்புக்கு இல்லை. எனவே பாம்பை வராமல் தடுக்க நினைப்பவர் முதலில் எலியைத்தான் தடுக்க வேண்டும். படையல் பொருள்களை இரவில் மூடி வைப்பது, நெல் மூட்டையைத் தரையிலிருந்து உயர்த்தி அடுக்குவது, கொல்லையில் குவிந்த செங்கல், விறகு, தென்னை மட்டைகளைச் சுவரை விட்டு விலக்கி வைப்பது ஆகியவை எல்லாம் ஒரு நாள் வேலை. கழிவுநீர்க் குழாய்க்குக் கால் அங்குலக் கண்ணியுள்ள கம்பி வலை. கதவடி இடைவெளிக்கு ரப்பர்ப் பட்டை. ஓட்டைத் தொடும் மரக்கிளைகளை வெட்டிவிட வேண்டும்.

வாசலில் ஆகாச கருடன் கிழங்கைக் கட்டித் தொங்கவிடுவதும், வேலியோரம் சிறியாநங்கை நடுவதும் பல வீடுகளில் தலைமுறைப் பழக்கம். கட்டுவதில் கெடுதல் ஒன்றும் இல்லை. அதை நம்பிச் சாக்கடையைத் திறந்து போடுவதுதான் கெடுதல். பூண்டுக் கரைசல், அந்துருண்டை, பினாயில் ஆகியவையும் அப்படியே. பாம்பு அவற்றின் ஓரமாகவே ஊர்ந்து போகும். கார்பாலிக் அமிலம் மட்டும் வீட்டுப் பக்கமே வரக்கூடாத பொருள். பாம்பைவிட அது பேரப் பிள்ளைகளின் தோலையும் கண்ணையும் புண்ணாக்குவதற்கே வாய்ப்பு அதிகம். எலிக்கு வைக்கும் ஒட்டு அட்டையில் சாரைப்பாம்பு சிக்கிப் புரள்வதும் நடக்கிறது. அப்போது பிய்த்து இழுக்கக் கூடாது. தெரிந்தவர் வந்து சமையல் எண்ணெயைச் சிறிது சிறிதாகத் தடவி விடுவிப்பார். தோட்டத்து நைலான் வலையிலும் இதே துன்பம் உண்டு.

எல்லாப் பாம்பும் எமன் அல்ல. ஆண்டு முழுவதும் தோட்டத்தில் எலி பிடித்துத் தரும் சாரைக்கு நஞ்சே இல்லை. தண்ணீர்ப் பாம்பு, கொம்பேறி மூக்கன், மண்ணுளி ஆகியவற்றாலும் மனிதருக்கு உயிராபத்து இல்லை. தமிழ்நாட்டு வீடுகளின் அருகே உயிரைப் பறிக்கக் கூடியவை முக்கியமாக நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றுள் கண்ணாடி விரியனைச் சிலர் மலைப்பாம்புக் குட்டி என்று எண்ணிக் கையில் எடுத்துவிடுகிறார்கள். முதுகில் சங்கிலிபோல் வரிசையாக முட்டை வடிவப் புள்ளிகளும், குக்கர் ஆவி விடுவதுபோன்ற சீறலும் அதன் அடையாளம். கட்டுவிரியனை நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையனோடு குழப்பிக்கொள்வதும் வழக்கம். கட்டுவிரியனின் வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக, கழுத்தைத் தாண்டித்தான் தெளிவாகத் தொடங்கும். வரையனுக்குக் கழுத்திலிருந்தே பட்டை உண்டு, வாலை நோக்கி மங்கும். ஆனால் மங்கிய வெளிச்சத்தில், மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே இந்த ஆராய்ச்சியில் இறங்குவது பெரியவர்களுக்கு ஆகாது. இரவில் கண்ட எந்தப் பாம்பையும் நஞ்சுள்ளதாகவே கொண்டு விலகி நிற்பதுதான் உத்தமம்.

பாம்பை அடையாளம் காணும் கலையில் இருளர்களுக்கு இணை சொல்வது கடினம். புழுதியில் பதிந்த தடத்தையும் வளை வாயில் கிடக்கும் சட்டையின் துணுக்கையும் கொண்டு, உள்ளே இருப்பது எது, எப்போது போனது என்று சொல்லக்கூடியவர்கள். ஒரு காலத்தில் தோல் வியாபாரத்துக்காகப் பாம்புகளைப் பிடித்துக் கொடுத்து வாழ்ந்தார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. பிழைப்புப் போன அந்த மக்களுக்காக, ராமுலஸ் விட்டேகரின் முயற்சியால் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் அதைக் காணலாம். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை வரையறுத்து அனுமதி தருகிறது. பிடித்து வந்த பாம்பை மண்பானையில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். ஏறத்தாழ மூன்று நான்கு வாரங்களில் நான்கு முறை நஞ்சு எடுத்தபின், வயிற்றுச் செதிலில் சிறு அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். வட்டியைக் கொடுத்துவிட்டு முதல் பத்திரமாக வீடு திரும்புகிறது என்று சொல்லலாம். பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் ஏற்றப்படும் மருந்து இந்த நஞ்சிலிருந்து தொடங்குகிறது. சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, குதிரையின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பாற்றலைப் பிரித்தெடுத்து மருந்தாக்குகிறார்கள். மேற்சொன்ன நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் அந்த ஒரே மருந்துதான்.

இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவரை 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்குள்ள சதுப்புக் காடுகளில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடித்துத் தருவதற்காக! 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குச் சென்றவர்கள் இந்த மக்களைப் பார்த்திருக்கக் கூடும். சேலைகளைக் கட்டிக் குடில் அமைத்துத் தங்கி, மணலில் படி கட்டிக் கன்னியம்மனை வழிபடுவார்கள். நிச்சயதார்த்தமும் திருமணமும் அங்கேயே நடக்கும். பாம்பைத் தெய்வத்தின் உடைமையாக எண்ணும் அவர்கள்தான் அதைத் துளியும் அச்சமில்லாமல் கையாளுகிறார்கள்.

வழிபாட்டைப் பற்றிய பேச்சு வந்ததால் பால் விஷயத்தையும் சொல்லிவிடலாம். நாக சதுர்த்தி, நாக பஞ்சமி நாட்களில் புற்றுக்குப் பால் வார்ப்பது நெடுநாள் பக்தி. ஆனால் பால் பாம்பின் உணவு அன்று. வித்தை காட்டுவோரின் கூடைப் பாம்பு பால் குடிப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தால் அது எதைத்தான் குடிக்காது? புற்றுக்குள் ஊற்றிய பால் புளித்து எறும்பை அழைக்கிறது. மஞ்சளும் குங்குமமும் பாம்பின் கண்ணையும் தோலையும் உறுத்துகின்றன. நாகர்கோவில் நாகராஜா கோயிலில் கருவறைக்கு இன்றும் ஓலைக் கூரைதான். பிரசாதமாகக் கிடைப்பது மண். மரத்தடி நாகர் சிலைகளுக்கே பக்தர்கள் மஞ்சளும் பாலும் சார்த்துகிறார்கள். கல் நாகத்துக்கு அபிஷேகமும், உயிருள்ள நாகத்துக்கு ஒதுங்கி வழிவிடுதலும் என்று பிரித்துக்கொண்டால் பக்தியில் எதுவும் குறைந்துவிடாது.

ஒருவேளை கடித்தே விட்டால் என்ன செய்வது? அந்த அம்மாள் இதைத் தன் பேரப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லித் தந்திருக்கிறார். 108-ஐ அழைக்க வேண்டும். மோதிரம், வளையல், மெட்டி, கைக்கடிகாரம் ஆகியவற்றை உடனே கழற்ற வேண்டும். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. எலும்பு முறிந்த காலைப்போலக் கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, கடிபட்டவரை நடக்கவிடாமல் கொண்டு செல்ல வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கூடாது. பாம்பைக் கொன்று எடுத்துப் போக வேண்டியதில்லை. அறிகுறிகளைக் கொண்டும், இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்த்தும் மருத்துவர் முடிவு செய்வார். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்ளும் முதியோர் அதைத் தவறாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். வலியில்லை, வீக்கமில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. கட்டுவிரியன் கடியில் அவை இருப்பதில்லை. கட்டிலில் கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிப் படுப்பதும், இரவில் எழுந்தால் கைவிளக்கில்லாமல் கால் வைக்காமலிருப்பதும் அந்தப் பாம்பிடமிருந்து காக்கும்.

2020-இல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. 1967-இல் திண்ணையில் படுத்திருந்த அந்தப் பையனைப் போல, மருத்துவமனைக்கே போகாமல் இறந்தவர்கள் இவர்களில் பலர்.

மீண்டும் அந்த வீட்டுக்கு வரலாம். பைக்குள் இருந்த பாம்பை எங்கே கொண்டுபோவீர்கள் என்று ஆசிரியர் கவலையோடு கேட்டார். வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே ஆள் நடமாட்டமில்லாத ஏரிக்கரைப் புதரில் இன்றிரவே விட்டுவிடுவதாகத் தீயணைப்பு வீரர் சொன்னார். தொலைதூரக் காட்டில் விட்டால் இரையும் பொந்தும் தெரியாமல் அலைந்து மடிந்துபோகும் என்றார். "அது வாழ்ந்த இடத்தை விட்டுப் பிரிக்கக்கூடாது ஐயா. நம்ம வீட்டை விட்டு மட்டும் பிரிச்சாப் போதும்."

கம்போடு வந்த இளைஞன் அதற்குள் கழிவுநீர்க் குழாயின் வாயை அளந்து, மறுநாள் வலை வாங்கி வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆசிரியர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பூஜையறைக்குள் போனார். அம்மாள் காலந்தாழ்த்தி விளக்கை ஏற்றிவிட்டுச் சமையலறைக்குச் சென்றார். நாகராஜாவுக்கென்று ஊற்றிய பால் மேடையில் அப்படியே இருந்தது. அதைக் காய்ச்சி, டிகாக்ஷன் விட்டு, வந்திருந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தார்.